சங்கிலி அண்ணன் செருப்புப் போட்ட நாள்

தஞ்சாவூர் ஜில்லாவைச் சோழ ராஜாக்கள் ஆள் அனுப்பி அளந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சங்கிலி அனுப்பி அளந்தார்கள். எங்கள் சங்கிலி அண்ணன் தன்னுடைய இரண்டு காலால் அளந்தார். மூன்றில் எது சரியான அளவு என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், மூன்றாவதுதான்.

அவர் எங்கள் தாலுகா ஆபீஸில் செயின்மேன். சர்வேயர் நிழலில் நின்று புத்தகத்தில் எழுதுவார். இவர் வெயிலில் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வயலுக்குள் நடப்பார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சர்வீஸ் ரிஜிஸ்தரில் இருந்தது, வேறெங்கும் இல்லை. தாசில்தாரே கூப்பிடுவது "சங்கிலி" என்றுதான்.

இருபத்திரண்டு வருஷம் சங்கிலி இழுத்ததில் அவர் நடையே சங்கிலிக் கணக்குக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து காலடி வைத்தால் ஒரு சங்கிலி நீளம். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மாப்பிள்ளை அழைப்பில் எல்லோரும் நாதஸ்வரத்துக்குத் தலையாட்டிக்கொண்டு போனால், இவர் மட்டும் "நாலு சங்கிலி... அஞ்சு சங்கிலி..." என்று முனகிக்கொண்டு வருவார். அந்த மாப்பிள்ளை கடைசிவரை அது ஏதோ மந்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் வாசலிலிருந்து டீக்கடைப் பெஞ்சுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. கண்ணை நிமிர்த்தாமல் எண்ணிக்கொண்டே போய், இருநூற்றுப் பன்னிரண்டில் திரும்பி உட்காருவார். ஒருநாள் கடைக்காரர் கொட்டகை வேய்வதற்காகப் பெஞ்சை நகர்த்திப் போட்டிருந்தார். அண்ணன் வழக்கம்போல வந்தார், திரும்பினார், வெறும் காற்றில் உட்கார்ந்தார்.

கீழே கிடந்தபடியே கேட்டார்: "பெஞ்ச எவன்யா தள்ளிப் போட்டது?"

"பார்த்து உட்காரக் கூடாதாண்ணே?"

"பார்த்து உட்கார்றதுக்கு நான் எதுக்குய்யா எண்ணணும்?"

பெஞ்சு மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர் கணக்கை மாற்றுவதைவிடக் கொட்டகையை மாற்றுவது சுலபம் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

அந்த ஆபீஸில் நான் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். வீட்டிலோ, பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான். அந்தப் பெருமையை நான் ஒளித்து வைக்கவில்லை. அம்மா நாற்றுக்கட்டோடு போகிற அதே வரப்பில் நான் கைப்பையோடு போவேன், ஒரு சுற்று சுற்றி, நாலு பேர் பார்க்கிற மாதிரி. பெருமை இருக்கிறவர்களுக்குத் தெரியாத விஷயமே இருக்காது. எனக்கும் இல்லை. அதனால்தான் சங்கிலி அண்ணன் தன்னுடைய ரகசியத்தோடு என்னிடம் வந்தார்.

"பாப்பா, இங்கிலீசுல ஒரு மனு தட்டணும்."

"யாருக்குண்ணே?"

"லைட்ஹவுஸ்காரங்களுக்கு."

எப்போதோ வேதாரண்யத்துக்கு அப்பால் உப்பளம் அளக்கப் போனபோது அவர் கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து விளக்குக் காவலர் வேலை ஒன்றுதான் அவர் கனவு.

"அப்படி என்னண்ணே இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல. அதான் விசேஷம். மூணு பக்கம் தண்ணி. வரப்பு கிடையாது, குத்துக்கல் கிடையாது. 'அவன் வரப்ப வெட்டிட்டான், இவன் கல்லப் புடுங்கிட்டான்'னு யாரும் என் சட்டையப் புடிச்சு ரெண்டு பக்கமும் இழுக்க மாட்டான். வெளக்கப் போட்டமா, சும்மா நின்னமான்னு இருக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தெருவுக்குத் தெரு கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் மாறி மாறிப் பறந்த காலம் அது. குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும், குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சட்டத்தையும் வயலில் இறக்கி வைக்க ஒரு சங்கிலி வேண்டும். அண்ணனின் மண்டையில் மூன்று தழும்புகள் இருந்தன. "இது குத்தகை, இது வரப்பு, இது வாய்க்கா" என்று தொட்டுக் காட்டுவார்.

மனு போட அவர் தேர்ந்தெடுத்த நாள் அமாவாசை. இருட்டு நாளில்தான் அவர்களுக்கு ஆள் தேவை என்பது உறைக்குமாம். மாதா மாதம் அமாவாசைச் சாப்பாட்டு இடைவேளையில் என் மேஜை முன்னால் கைகட்டி நிற்பார்.

"நான் தூங்க மாட்டேன்னு போடு."

"அதை எப்படிண்ணே போடறது?"

"பொய்யா? வேணும்னா வந்து பார்க்கச் சொல்லு."

வேலைக்கு முன்கூட்டியே பழகவும் ஆரம்பித்துவிட்டார். உயரம் பழகுவதற்காகத் தினமும் காலை ஆபீஸ் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, மேற்கே திருக்காட்டுப்பள்ளி தெரிகிறதா என்று பார்ப்பார். அரிக்கேன் விளக்குச் சிம்னிகள் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் துடைத்து வைப்பார். அவர் துடைத்த சிம்னியில் தாசில்தார் முகம் பார்த்து மீசை சீவியதாகக் கேள்வி. இவ்வளவுக்கும் நடுவில் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. காலை எட்டு மணிக்குச் சங்கிலியைத் தோளில் போட்டால், கனவு தண்ணீர்த் தொட்டி மேலேயே இருந்துகொள்ளும்.

மூன்றாவது மனுவின்போது ஒரு பழைய செய்தித்தாளில் அந்த வேலைக்கான விளம்பரம் கண்ணில் பட்டது. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு நாற்பத்து நான்கு.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனுவை அடித்து முடித்ததும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்வார். நான் வாசிக்கும்போது வயது வரியை மட்டும் மெதுவாக விழுங்கிவிடுவேன். இப்படியே இருபத்து நான்கு அமாவாசை போயிற்று. ஒரு பதிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்து நிற்பார்.

இருபத்தைந்தாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. வயது இருபத்தொன்பது என்று அடித்துவிட்டேன். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதோட ஒரு சங்கிலி ஆச்சு" என்றார்.

பதினைந்தாம் நாள் இன்டர்வியூ கார்டு வந்தது.

ஆபீஸே ஆடியது. நான் மட்டும் கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அங்கே சர்வீஸ் ரிஜிஸ்தரைக் கேட்பார்கள். பொய் வயது கொடுத்தார் என்று இங்கே எழுதுவார்கள். விளக்கும் இல்லை, சங்கிலியும் இல்லை என்று அவர் நடுத்தெருவில் நிற்பார். என் படிப்பு செய்த முதல் பெரிய காரியம் இது.

மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை, கூத்தாநல்லூர் கடைத்தெருவில் வாங்கிய டெர்லின் சட்டையை விரித்துக் காட்டினார். "பாய் சொன்னாரு, இது சிங்கப்பூர்லேர்ந்து அவரு மச்சான் கொண்டாந்த துணியாம். வெளக்கு பட்டா மினுமினுங்குமாம்." இரண்டாவது தடவை, பழந்துணியில் சுற்றி வைத்திருந்த புதுச் செருப்பைக் காட்டினார். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடந்த மனிதர். மூன்றாவது தடவை, தண்ணீர்த் தொட்டி மேலிருந்து கையசைத்தார். அவ்வளவு உயரத்துக்குக் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது?

இன்டர்வியூ நாளன்று காலையில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் தெருவை அளக்கிற வேலை.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். மனை சொந்தமாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும், "அந்தக் குடிசை எல்லாம் நேத்து மொளச்சது, என் வயலுக்குள்ள நிக்குது" என்று மிராசுதார் மனு கொடுத்துவிட்டார். தெரு நிற்பது குடியிருப்புக்கென்று விட்ட நத்தம் என்றுதான் அரசாங்கப் படத்தில் இருந்தது. ஆனால் எல்லையைக் காட்டும் கல்லை மட்டும் காணோம். மறுநாள் தாசில்தார் விசாரணை. அன்றைக்குள் கல் கிடைத்தால் மனை எங்களுக்கு. கிடைக்காவிட்டால் மிராசுதார் சொன்னதுதான் எல்லை.

"எட்டு மணிக்குச் சாவடி, எட்டரைக்கு அளவு, பதினொண்ணுக்கு வேதாரண்யம் பஸ், மூணு மணிக்கு இன்டர்வியூ" என்றார் அண்ணன். "ஆறே சங்கிலி தூரம். அரை மணி வேலை பாப்பா."

எட்டு மணிக்குச் சாவடியைத் திறந்து பார்த்தால் முதல்நாள் சாயங்காலம் கொண்டுவந்து வைத்த அளவுச் சங்கிலியைக் காணோம்.

மூலை முடுக்கெல்லாம் தேடியதில் பத்து மணி ஆகிவிட்டது. சர்வேயர் வியர்வையைத் துடைத்தார். மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "இன்னொரு நாள் வச்சுக்குங்களேன் சார். நாங்க எங்க போயிடப் போறோம்?" என்றார்.

போக வேண்டியவர்கள் நாங்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சங்கிலி அண்ணன் டெர்லின் சட்டையும் புதுச் செருப்புமாக முன்னால் வந்தார். "சார், நான் நடக்குறேன். கல்லு இருந்தா அகப்படும். கல்லே சாட்சி சொல்லிக்கும்."

காரியக்காரர் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. "கவர்மெண்டுல சங்கிலி வாங்க வக்கில்லாம இப்ப கால்ல அளக்குறீங்களா? சரி, பார்த்துடுவோம். அதோ குளத்தங்கரைக் கல்லு, இதோ மதகுக் கல்லு. ரெண்டுக்கும் தூரம் உங்க புஸ்தகத்துல இருக்குல்ல? முதல்ல இத நடந்து காட்டச் சொல்லுங்க."

புத்தகப்படி மூன்று சங்கிலியும் நாற்பது லிங்கும்; நூறு லிங்க் ஒரு சங்கிலி. அண்ணன் கணக்கில் எண்பத்தைந்து காலடி. அவர் தூக்கத்தில்கூட நடந்துவிடுவார் என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

எண்பத்திரண்டாவது காலடியிலேயே மதகுக் கல் வந்துவிட்டது.

"மூணு காலடிய முழுங்கிட்டாரு!" என்று காரியக்காரர் குடையை ஆட்டினார். சர்வேயர் புத்தகத்தை மூடினார். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெஞ்சு நகர்ந்த நாளிலாவது பெஞ்சின்மேல் பழி போட முடிந்தது. இப்போது கல்லும் நகரவில்லை, ஊரும் நகரவில்லை. தன் இரண்டு காலையும் யாரோ அந்நியர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற என் அம்மாதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்:

"ஏண்ணே, கால்ல என்ன அது, புதுசா?"

அண்ணன் நிமிர்ந்தார்.

"அத மாட்டிக்கிட்டு நடந்தா எட்டித்தான் விழும். நானும் பார்க்குறேன், கலியாண வீட்டுக்குப் போற மாதிரியில்ல நடக்குறீங்க. கழட்டுங்க அத."

கழற்றினார். என் கையில் கொடுத்தார். குளத்தங்கரைக் கல்லிலிருந்து மறுபடி நடந்தார். எண்பத்தைந்தாவது காலடியில் அவர் பெருவிரல் மதகுக் கல்லைத் தொட்டது. தெருவே கூச்சல் போட்டது. சர்வேயர் புத்தகத்தைத் திறந்தார்.

அடுத்தது உண்மையான அளவு. மூன்று ஊர் எல்லை கூடுகிற பெரிய கல்லிலிருந்து நேர் கிழக்கே ஆறு சங்கிலியில் காணாமல்போன கல் இருக்க வேண்டும் என்றது படம். நூற்றைம்பது காலடி. நேர்கோட்டில் நடக்க வேண்டும், வழியில் எது இருந்தாலும்.

நாற்று நட்ட வயலுக்குள் ஒரு நாற்றையும் மிதிக்காமல் போனார். வாய்க்காலுக்குள் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் அதே நடை, அதே அளவு. டெர்லின் சட்டை காற்றில் உப்பிக்கொண்டு மிதந்தது. நட்டநடுவில் அவர் குரல் கேட்டது:

"அறுபது... அறுபத்தொண்ணு... சங்கிலி காலுக்கடியில கெடக்கு சார்... அறுபத்திரண்டு..."

நாலு பேர் குதித்து முங்கி, சேறு வழிய அளவுச் சங்கிலியை மேலே தூக்கினார்கள். அதை யார் அங்கே போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. காரியக்காரர் மட்டும் அன்று காலையிலிருந்து அந்த வாய்க்கால் பக்கம் திரும்பவே இல்லை.

"சங்கிலிதான் வந்துடுச்சேய்யா! நிறுத்து! வேற ஆள வச்சு இழுத்துக்கறேன். நீ பஸ்ஸுக்குப் போ!" என்று சர்வேயர் கத்தினார்.

"எழுபது" என்றார் அண்ணன்.

வரப்புக்கு இணையாக ரோடு. தூரத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வேதாரண்யம் பஸ் வந்தது. அண்ணனைத் தெரியாத கண்டக்டர் அந்தத் தடத்தில் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் தொங்கினார்.

"சங்கிலியண்ணே! இன்டர்வியூன்னீங்களே, ஏறலியா?"

"தொண்ணூத்தேழு."

"டிக்கெட் நம்பரா கேட்டேன்? ஏறுங்கண்ணே!"

"தொண்ணூத்தெட்டு."

டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் கோடு கோணும். நூற்றிரண்டாவது காலடியில் பஸ் கிளம்பிப் போயிற்று. என் கையில் புதுச் செருப்பு இருந்தது. அவரைக் காப்பாற்றிவிட்டுப் போகிறதே என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அப்படி ஒரு வெட்கம்.

நூற்றுப் பதினெட்டில் எதிரே காரியக்காரர் வீட்டு வைக்கோல்போர். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம். அண்ணன் வலது காலை முன்னால் வைத்தபடி கொக்கு மாதிரி நின்றுவிட்டார்.

"போர்ல கைய வைக்காத! பிரிச்சா மறுபடி யாரு போடறது?" என்று காரியக்காரர் ஓடிவந்தார்.

"போட்டது யாராம்?" என்றாள் அம்மா. "போட்டவங்களுக்குப் பிரிக்கத் தெரியாதா?"

தெரு முழுக்கக் கை வைத்தது. கால் மணி நேரத்தில் போருக்கு நடுவே ஒரு சந்து. அந்தக் கால் மணி நேரமும் அவர் காலை எடுக்கவில்லை. பிறகு அந்தச் சந்துக்குள் புகுந்து, மாட்டுக் கொட்டகையின் ஒரு படலைத் தள்ளி உள்ளே போய், மறு படலைத் தள்ளி வெளியே வந்தார். தோளில் வைக்கோல், பின்னால் ஒரு கன்றுக்குட்டி.

"நூத்தம்பது. தோண்டு."

முழங்கால் ஆழம் தோண்டினார்கள். வெறும் களிமண். காரியக்காரர் தொண்டையைச் செருமினார். அண்ணன் தன் பெருவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இன்னும் போ" என்றார். இன்னும் ஒரு முழம் போனதும் மண்வெட்டி டங்கென்றது.

கல். தலையில் அரசாங்க முத்திரையோடு, படுக்கவைக்காமல் நட்டபடி அப்படியே நின்றது. யாரோ அதைப் பிடுங்கச் சோம்பல்பட்டு மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். எங்கள் இருபத்திரண்டு வீடும் கல்லுக்கு இந்தப் பக்கம், நத்தத்துக்குள். சர்வேயர் சங்கிலியைக் கழுவி நீட்டிப் பார்த்தார். வித்தியாசம் ஒரு விரற்கடை. "அது கல்லோட தடிமன்" என்றார் அண்ணன்.

எல்லோரும் கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது அவர் வாய்க்கால் படியில் உட்கார்ந்து சட்டையை அலசிக்கொண்டிருந்தார். நான் செருப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முப்பது வயது, இருபத்தொன்பது வயது, விழுங்கின வரி, எல்லாம்.

அவர் சட்டையைப் பிழிந்தார்.

"உன் மிசின்ல ஒவ்வொரு வரிக்கும் ஒரு மணி அடிக்குமா?"

"ஆமா."

"பதினாலு மணி அடிக்கும். நீ வாசிக்கிறது பதிமூணு வரி. மூணாவது மாசத்துலேர்ந்து. எண்ணத் தெரியாதவனா நானு? எந்த வரின்னு டீக்கடையில பேப்பர் படிக்கிறவங்ககிட்ட மனுவக் காட்டிக் கேட்டா, வயசுக் கணக்கச் சொல்ல மாட்டாங்களா?"

"தெரிஞ்சுமாண்ணே மாசா மாசம் வந்து நின்னீங்க?"

"நீ தெரிஞ்சுதானே மாசா மாசம் தட்டினே?"

செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைத்தேன். "அப்ப இன்னிக்கு அங்க போய் என்ன பண்றதா இருந்தீங்க?" என்றேன்.

"உள்ள போற எண்ணமே இல்ல. கார்டு கையில இருந்தா மேல ஏற விடுவாங்கள்ல? ஏறி, படி எத்தனைன்னு எண்ணிட்டு, கடல ஒரு பார்வ பார்த்துட்டு ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்பிடலாம்னுதான். நாளைக்குத் தென்கரையில அளவு இருக்கு."

"சங்கிலிதான் அறுபத்தொண்ணுலயே கெடச்சிடுச்சே. அப்பவே போயிருக்கலாம்ல?"

அவர் என்னை ஏதோ பள்ளிக்கூடம் போகாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மிச்சம் எண்பத்தொன்பத யாரு நடக்குறது?"

மனை பட்டா அம்மா பெயரில் வந்தது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழுக்கு ஒரு சாண் மேலே.

பிறகு நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். எனக்கு வேலை கிடைத்தது வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த விளக்கில் ஏறினேன். பாதியில் காற்று அடித்ததில் எண்ணிக்கை தவறி, கீழே இறங்கி வந்து மறுபடி முதலிலிருந்து ஏறினேன். மேலே அண்ணன் சொன்னது மாதிரியே ஒன்றும் இல்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். காவலர் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போதும் மாதா மாதம் அமாவாசைக்கு அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வருகிறது. புது டைப்பிஸ்ட் தட்டித் தருகிறாள். பதினான்கு வரி. பதின்மூன்றில் ஊர் நியாயம் இருக்கும். பதினான்காவது வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "படி எத்தனை?"

காற்றைப் பற்றி எழுதினேன், கண்ணாடியைப் பற்றி எழுதினேன், தூங்குகிற காவலரைப் பற்றிக்கூட எழுதிவிட்டேன். படிக்கணக்கை மட்டும் எழுதவில்லை. வருகிற மாதம் சங்கிலி அண்ணன் முதல்முதலாக இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். செருப்புப் போடாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.